நொண்டிக் கோழி மெட்டு

“கையில வெண்ணெய் ஒட்டியிருக்கு வெண்டல், அதோட தொட்டுடாதீங்க!” என்று அலறினான் கிளைட்.

வெண்டல் கடித்துக்கொண்டிருந்த சோளக்கதிரைத் தட்டில் போட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். மேசையில் ஒரு பழைய பியானோ இசைத்தாள். அட்டையில் பச்சை மையில் மூன்று கோழிகள், வேலியின் மேல். ஒன்று மட்டும் காலைத் தூக்கிக்கொண்டு நின்றது. மேலே ‘நொண்டிக் கோழி, 1909’ என்று கொட்டை எழுத்து.

அவர் முகம் சட்டென்று வெளிறியது.

“எப்படி! நாப்பது வருஷமா எவன் கையிலயும் சிக்காதது!” என்றான் கிளைட். அவன் பள்ளிப் பேருந்து ஓட்டுபவன். அறுபது பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும்போதுகூட இவ்வளவு ஜாக்கிரதையாக வண்டி ஓட்டியிருக்க மாட்டான், அந்தத் தாளைப் பக்கத்து இருக்கையில் வைத்துக்கொண்டு அப்படி வந்திருந்தான்.

மிசௌரியில் ராக்டைம் என்கிற அந்தக் காலத்துத் துள்ளல் பியானோ இசையின் தாள்களைத் தேடிச் சேர்க்கிறவர்களுக்கு வெண்டல் தொகுத்த பட்டியல்தான் வேதம். எந்த மெட்டு எந்த வருடம் அச்சானது, அட்டையில் என்ன படம் என்பதெல்லாம் அதில் இருக்கும். இதுவரை ஒரு தப்புகூட யாரும் கண்டுபிடித்ததில்லை. புதிதாக எது கிடைத்தாலும் அவரிடம் காட்டி, பின்பக்க மூலையில் பென்சிலால் ஒரு டிக் வாங்கினால்தான் அவர்களுக்குத் தூக்கம் வரும்.

“யார்கிட்ட வாங்கினே?”

“சர்ச் கூடத்துச் சந்தையில. அயோவாலேர்ந்து வந்த ஒரு ஆளு. காசு வேணாம், தாளுக்குத் தாள் மாத்திக்கலாம்னான். அம்மாவோட இசைத்தாள் பெட்டியைக் குடுத்துட்டேன்.”

பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த வெண்டலின் மனைவி லொரீன் திரும்பினாள். “அதையா குடுத்தே, பாவி! ஒவ்வொரு சுரத்துக்கும் எந்த விரல்னு அவங்க கையால எழுதி வச்சதாச்சே!”

கிளைட் தலையைக் குனிந்துகொண்டான். “மனசு கேக்கலைதான் லொரீன். ஆனா பட்டியல்ல எனக்கு இது ஒண்ணுதான் பாக்கி. இருபத்தாறு வருஷமா தேடறேன்.”

“மணி என்ன?” என்றார் வெண்டல்.

“நாலு இருபது. ஏன்?”

சந்தையில் ஒரு வழக்கம் உண்டு. ஐந்து மணிக்கு மேசைகளை மடக்குவார்கள். அதுவரை மாற்றிக்கொண்டதைத் திருப்பிக் கேட்கலாம். மடக்கிவிட்டால் பேச்சே கிடையாது.

வெண்டல் பூதக்கண்ணாடியை எடுத்தார். “இந்தக் காலத்து அச்சா இருந்தா புள்ளி புள்ளியா தெரியும்.”

“தெரியுதா?”

“தெரியல.” தாளை விளக்குக்கு எதிரே பிடித்தார். பழைய தாள்தான். முகர்ந்து பார்த்தார். “ஓரத்தை வெட்டியிருக்கே?”

“பியானோ பெஞ்சுக்கு அடியில இருக்கிற பெட்டிக்குள்ள அடங்கணும்னு எல்லார் வீட்லயும் வெட்டினதுதானே? வெட்டாத தாளைத்தான் சந்தேகப்படணும்னு நீங்கதானே சொல்வீங்க? பச்சை மை, மூணு கோழி, வேலி... உங்க பட்டியல்ல போட்டிருக்கிற மாதிரியே அச்சு அசலா இருக்கு. இன்னும் என்ன வேணும்?”

“ஒத்துக்கோ வெண்டல், உனக்குப் பொறாமை. உங்கிட்டயே இது இல்லையே,” என்று சீண்டினாள் லொரீன்.

“நீ சும்மா இரு. இதைக் கொஞ்சம் வாசி.”

லொரீன் கையைத் துடைத்துக்கொண்டு பியானோவில் உட்கார்ந்தாள். இடது கை குதித்தது, வலது கை நொண்டியது. மூன்றாவது பகுதிக்கு வந்தபோது அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. “அட, நல்லா இருக்கே! எழுதினவன் கில்லாடி!”

“கில்லாடிதான்,” என்றார் வெண்டல், சுரத்தே இல்லாமல். “கிளைட், இதைக் கொண்டுபோய்க் குடுத்துட்டு அம்மா பெட்டியை வாங்கிக்கோ. இது போலி.”

“என்ன சொல்றீங்க? எதை வச்சு?”

“நான் சொல்றேன்ல, போ.”

“நீங்க சொன்னா நான் போயிடுவேன். அந்த ஆளு விடுவானா? நாலு பேர் முன்னால நிக்க வச்சுக் காரணம் கேப்பான். ஒரு குறை காட்டுங்க. ஒண்ணே ஒண்ணு.”

வெண்டல் மறுபடியும் கண்ணாடியை எடுத்தார். அட்டை, முதுகு, பின்பக்கத்துச் சோப்பு விளம்பரம் என்று அங்குலம் அங்குலமாகத் தேடினார். மணி நாலு முப்பத்தைந்து. எதுவும் அகப்படவில்லை.

கிளைட் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டான். “லொரீன் சொன்னது விளையாட்டுக்குன்னு நினைச்சேன். உங்களை என் தகப்பன் மாதிரி வச்சிருந்தேன் பெரியவரே. அடுத்தவனுக்குக் கிடைச்சா இப்படியா வயிறு எரியும்? டிக் போடுங்க, இல்லைன்னா நான் கிளம்பறேன்.”

வெண்டல் பென்சிலை எடுத்தார். தாளைத் திருப்பி மூலைக்குக் கொண்டுபோனார். ஒரு டிக் போட்டால் தீர்ந்தது. ஆனால் மனம் ஒப்பவில்லை. பென்சிலை அப்படியே வைத்துவிட்டார்.

“வண்டியை எடு. நானும் வர்றேன். காரணத்தை அங்க எல்லார் முன்னாலயும் நானே சொல்றேன்.”

“என்னன்னு சொல்வீங்க?”

வெண்டல் லொரீனின் முகத்தைப் பார்க்காமல் தொப்பியை எடுத்துக்கொண்டார். “அந்தக் காலத்துல என் பட்டியலைத் திருடி அவனவன் தன் பேர்ல அச்சடிச்சான். அவனுங்களைப் பிடிக்கறதுக்காக நடுவுல ஒரு பொய்யைச் சொருகி வச்சேன். நொண்டிக் கோழின்னு ஒரு மெட்டு இந்த உலகத்துலயே கிடையாது கிளைட்... அது நான் விட்ட புளுகு!”