பங்கு மரம்

"எய்ந்திரு அண்ணி. எங்க நைனாவோட மரத்து மேல ஒக்காந்துகினு ஆப்பம் விக்கிறியே, ஒனக்கே நல்லாக்கீதா?"

மங்கம்மா எழுந்திருக்கவில்லை. மாவைச் சட்டியில் ஊற்றிச் சுழற்றினாள்.

"ஒங்க நைனா மரமா? எம் புருசன் பங்குக்கு வந்த மரம். அவரு போய்ட்டாரு, இப்ப அது என்னுது. ஒக்காருவேன், படுப்பேன், ஒனக்கு இன்னா கொழுந்தனாரே?"

பொன்னுரங்கம் பல்லைக் கடித்துக்கொண்டான். பெண்பிள்ளையிடம் மல்லுக்கு நிற்க முடியுமா?

விஷயம் இதுதான். அப்பன் செத்தபோது வீட்டில் இருந்த ஒரே சொத்து ஒரு கட்டுமரம். மூன்று மரங்களைக் கயிற்றால் பிணைத்தால் கட்டுமரம். கடலுக்குப் போய் வந்ததும் அவிழ்த்துக் காயப் போட்டால் வெறும் மூன்று மரம். பிள்ளைகளும் மூன்று பேர். பஞ்சாயத்துக்கு வந்த பெரிய மனிதர்களுக்குக் கேட்க வேண்டுமா? ஆளுக்கொரு மரம் என்றார்கள், வெற்றிலையைப் போட்டுக்கொண்டு நடையைக் கட்டினார்கள். ராயபுரம் கரையில் இவ்வளவு சுத்தமாக ஒரு பாகப்பிரிவினை நடந்ததே இல்லை. அன்றிலிருந்து அந்த மரங்களில் ஒன்றுகூடக் கடலைப் பார்க்கவில்லை.

நடு மரம் விதவை மங்கம்மாவின் ஆப்பக் கடைக்கு ஆசனமாயிற்று. மூத்தவன் செல்வம் தன் மரத்தை வாசல் சாக்கடைக்குப் பாலமாகப் போட்டுவிட்டான். கடைக்குட்டி பொன்னுரங்கம் மட்டும் தன் மரத்தைக் கொல்லையில் நிழலில் வைத்துக் கண்ணாகக் காப்பாற்றி வந்தான். காப்பாற்றி என்ன பிரயோஜனம்? ஒற்றை மரத்தில் யார் கடலுக்குப் போவது? ஹார்பரில் நிலக்கரி மூட்டை தூக்கினான். கடலில் பிழைக்கப் பிறந்தவன், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கரி சுமக்கிறோமே என்று நெஞ்சு கொதித்தது.

இப்போது பார்த்து கவலை மீன் கூட்டம் கூட்டமாக வந்திருந்தது. ஊரெல்லாம் கூடை கூடையாகக் கவலையை அள்ள, இவனுக்கு மட்டும் கூடை வேண்டாத கவலை.

அண்ணன் வீட்டுக்குப் போனான். செல்வம் பாலத்தின் மேலேயே நின்றுகொண்டு பேசினான்.

"மரத்த எடுத்துட்டா எங்க வூட்டுப் பொம்பளைங்க சாக்கடைய எப்டிடா தாண்டுவாங்க? சரி, குடுக்கறேன்னே வெச்சுக்க. துடுப்பு போடறது நானும் நீயும். மங்கம்மாவுக்கு இன்னாத்துக்குடா சரி பங்கு?"

இது ஆப்பக் கடைக்கு எட்டியதும் மங்கம்மா கரண்டியைத் தூக்கிவிட்டாள். "நடு மரம் இல்லாம ரெண்டு பக்கத்து மரத்த எத்தோட கட்டுவாரு ஒங்க அண்ணாத்த? எனக்கு ரெண்டு பங்கு. இல்லாங்காட்டி இங்கேர்ந்து நவுர மாட்டேன்."

இவள் இறங்கினால் அவன் ஏறுவான், அவன் இறங்கினால் இவள் ஏறுவாள். இருவருக்கும் நடுவில் அலைந்து பொன்னுரங்கத்தின் கால்தான் தேய்ந்தது. வீட்டுக்கு வந்து பெண்டாட்டியிடம் சொன்னான்.

"இந்தா புஷ்பவல்லி, நாளிக்கி மத்தியானம் ரெண்டு வூட்டு ஜனமும் இங்கதான் சாப்புடுது. கோழிய அடி. நாலு வாய் உள்ள போனா ரெண்டு பேரும் எறங்கி வருவாங்க."

"இன்னாய்யா வெளயாடறியா? யுத்தம் முடிஞ்சும் ரேஷன் முடியல. அத்தினி பேருக்கு நான் எத்த வெச்சு ஆக்குறது?"

"எத்தயாவது வெச்சு ஆக்கு. என்னை ஒண்ணும் கேக்காத. என் மானம் ஒங்கையில கீது."

மறுநாள் அவன் ஹார்பரிலிருந்து வருவதற்குள் விருந்தாளிகள் பந்தியில் உட்கார்ந்துவிட்டார்கள். மகராசி, மானத்தைக் காப்பாற்றிவிட்டாள்! கோழிக் குழம்பு வாசனை தெருமுனை வரைக்கும் அடித்தது. செல்வம் மறுசோறு வாங்கி, அதற்கும் மறுசோறு வாங்கினான். மங்கம்மா எலும்பை உறிஞ்சிய சத்தத்தில் வாசல் நாய் ஏங்கிப்போய் நின்றது.

பொன்னுரங்கம் நேரம் பார்த்துப் பேச்சை எடுத்தான்.

"அண்ணாத்த, அண்ணி, நான் ஒண்ணு சொல்றேன். என் மரத்துக்குப் பங்கே வாணாம். அத்த நீங்க ரெண்டு பேரும் பாதிப் பாதி எடுத்துக்கங்க. துடுப்பு போடற கூலி குடுத்தா போதும். எனக்குக் கடலுக்குப் போவணும், அவ்ளோதான்."

மங்கம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"அடப் பாவி, இத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? எடுத்துகினு போ நடு மரத்த. நான் செங்கல்லு மேல ஒக்காந்துக்கறேன்."

செல்வம் ஏப்பம் விட்டான். "எங்க வூட்டுப் பொம்பளைங்க எகிறிக் குதிக்கட்டும். டேய், இப்பவே கட்டிப்புடுவோம். விடிஞ்சா கடலு!"

பொழுது சாய்வதற்குள் சாக்கடைப் பாலமும் ஆப்பக் கடை ஆசனமும் கரைக்கு வந்து சேர்ந்தன. செல்வம் கயிற்றோடு தயாராக நின்றான்.

"இன்னாடா பார்த்துகினு கீற? ஒன் மரத்த எடுத்தாடா!"

பொன்னுரங்கம் வீட்டுக்குக் காற்றாய்ப் பறந்தான். நேரே கொல்லைக்கு ஓடினான். மரம் கிடந்த இடம் துடைத்துவிட்டது போல் இருந்தது.

"ஐயையோ புஷ்பவல்லி, மரம் எங்கமே? எவனோ அடிச்சுகினு போய்ட்டான்!"

குழம்புச் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்த புஷ்பவல்லி நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒருத்தனும் அடிச்சுகினு போவல, கத்தாத. வெறகுக் கடையில ஒரு குச்சி இல்ல, கோழி பச்சையா கீது, நான் இன்னா பண்ணட்டும்? ஆனா பயப்படாதய்யா, ஒங்க அண்ணன் பங்குலயோ அண்ணி பங்குலயோ நான் கைய வெக்கல, நம்ப பங்கத்தான் பொளந்து எரிச்சேன்."