உச்சியில் காத்திருந்த கயிறு

பாறையைக் கட்டிப்பிடித்தபடி கத்தினான் கிரேகா. “மாமா, இடது முகடா, வலது பிளவா? சீக்கிரம் சொல்லுங்க, கை வழுக்குது!”

“பத்துத் தடவை திரிக்லாவ் மலை ஏறினேன்னு பீத்திக்கிட்டுத்தானே என் பொண்ணைக் கேட்ட? நீயே சொல்லு மாப்பிள்ளை,” என்றார் ஸ்தானே, பக்கத்துப் பாறையில் பல்லியாக ஒட்டிக்கொண்டு.

“நீங்க இருபது தடவை ஏறினவராச்சே! பெரியவங்க சொல்லட்டும்.”

மகள் நேஷா, அப்பாவைப் பாறையிலிருந்து மெல்லப் பிய்த்தெடுத்தாள். அவர் வயிறு மறைத்திருந்த இடத்தில், ஏறுகிறவர்களுக்கு வழிகாட்ட வரைந்த சிவப்பு வட்டமும் இடப்பக்கம் காட்டும் அம்பும் இருந்தன.

உச்சியில் அவள் கயிற்றை எடுத்தாள். முதல் தடவை ஏறுகிறவர்களுக்குப் பின்புறத்தில் கயிற்றடி கொடுப்பது அந்த மலையின் வழக்கம்.

“கொடு கண்ணு, உனக்கு வலிக்காம அடிக்கிறேன்,” என்று கிரேகா கை நீட்டினான்.

“நான் போன வருஷமே வாங்கிட்டேன். வழி தெரியாத ரெண்டு பேரும் குனியுங்க. அப்பா, முதல்ல நீங்க!”