சத்தம் வராத பிளேயர்

"இந்த பிளேயர்ல எல்லாப் படமும் ஓடுமா அண்ணாச்சி?"

"இன்னா தம்பி இப்டி கேட்டுட்ட? கீறல் வுழுந்த சிடி, பாதி டவுன்லோடு ஆன படம், எதைப் போட்டாலும் ஓடும்" என்றார் தணிகாசலம்.

"அப்ப வேண்டாம்" என்றான் இசக்கிபாண்டி.

ஒரகடம் கூட்டு ரோட்டில் பிரவுசிங் சென்டர் நடத்தும் தணிகாசலத்துக்குத் தன் கம்ப்யூட்டர் ஞானத்தின் மேல் அபார மரியாதை. வேறு யாருக்கும் அது இல்லாததால் மொத்தத்தையும் அவரே வைத்திருந்தார். ரூமில் படம் ஓடவில்லை என்று பென்டிரைவோடு வருகிற கம்பெனிப் பையன்களுக்கு, வி.எல்.சி. பிளேயர் போடலாமா, எந்த வகைப் படத்தையும் சத்தத்தையும் ஓடவைக்கும் கோடெக் பேக் போடலாமா என்று நாடி பிடித்துச் சொல்வார். ஓடுகிறது என்பதற்காகவே ஒருவன் வேண்டாம் என்றது இதுதான் முதல் தடவை.

"சரி, இந்த கோடெக் பேக் எடுத்துக்க. படம் கண்ணாடி மாதிரி இருக்கும், சவுண்டு கணீர்னு வரும்."

"சவுண்டு வருமா? அப்ப இதுவும் வேண்டாம்."

"பின்ன இன்னாதான்யா வோணும் உனக்கு?"

"படம் ஓடணும், சத்தம் மட்டும் வரப்படாது. அப்படி ஏதும் கெடக்கா அண்ணாச்சி?"

"அதுக்கு ஸ்பீக்கர் ஒயரைப் புடுங்கி வுட வேண்டியதுதானே?"

"புடுங்குனேன். ரூம்ல இருக்கவனுவ உடனே சொருகிட்டானுவ. சாஃப்ட்வேர் கெட்டா எவன் கெடுத்தான்னு தெரியாதுல்லா?"

விஷயம் இதுதான். பக்கத்து ஊரான வல்லம் வடகாலில் ஒரே அறையில் மூன்று பேர், ஒரே கம்ப்யூட்டர். இசக்கிபாண்டிக்கு ஒரு மாதமாக நைட் ஷிப்ட். பகலில்தான் தூங்க வேண்டும்.

"வேல்ராஜ் செகண்ட் ஷிப்டு, அவன் காலையில படம் பாக்கான். வனமாமலை ஃபர்ஸ்ட் ஷிப்டு, அவன் சாயங்காலம் பாக்கான். நான் கண்ணு சொருகுனதும் வேணும்னே சத்தத்தைக் கூட்டிருதானுவ அண்ணாச்சி. முந்தாநேத்து லைன்ல நின்னுக்கிட்டே தூங்கிட்டேன். இன்னொருக்கா தூங்குனா வேலை கெடையாதுன்னு சூப்பர்வைசர் சொல்லிட்டாரு."

தணிகாசலத்துக்கு மனசு ஆறவில்லை. "மனுசனுங்களா அவனுங்க? தூங்கறவன் காதாண்ட வெச்சிக்கினு சவுண்டை ஏத்துவானுங்களா? நீ உக்காரு. என்னாண்ட ஒரு பழைய கோடெக் பேக் கீது. எவனோ அரைகுறையா செஞ்சது. படம் வரும், சவுண்டை அப்டியே முழுங்கிடும். அப்டேட்டுன்னு சொல்லிப் போட்டுவுடு. ஊமைப் படம் பாத்துக்கினு கெடக்கட்டும்."

இசக்கிபாண்டிக்குக் கண் கலங்கிவிட்டது.

"நல்லாருப்பிய அண்ணாச்சி" என்று பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தான். பென்டிரைவில் பாதி ஏறுவதற்குள் அவன் தலை சாய்ந்துவிட்டது. பாவம், இங்கேயாவது தூங்கட்டும் என்று தணிகாசலம் ஃபேனை அவன் பக்கம் திருப்பி வைத்தார்.

சற்று நேரத்தில் மனைவி ரத்னா போனில் கூப்பிட்டாள்.

"இன்னாது? கேக்கல, சத்தமா சொல்லு" என்றார் தணிகாசலம்.

"மொதல்ல அந்த ஜெனரேட்டரை ஆஃப் பண்ணுங்க" என்று கத்தினாள் ரத்னா.

"ஜெனரேட்டர் எங்க ஓடுது? கரண்டு கீதே" என்றவர் நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார். இசக்கிபாண்டி வாயைத் திறந்துவைத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். மேஜை மேலிருந்த டீ கிளாஸ் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது.

கண்டெய்னர் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு போகிற ரோட்டுக்கு வந்து நின்ற பிறகுதான், ரத்னா பேசுவது அவர் காதில் விழுந்தது.

திரும்பி வந்தவர் முதல் வேலையாகப் பென்டிரைவில் ஏற்றியதை அழித்தார். பிறகு, "அய்யோ பாவம் அந்தப் பசங்க" என்று முனகியபடி, சவுண்டை இருநூறு சதவீதம் வரைக்கும் ஏற்றக்கூடிய வி.எல்.சி.யை அதில் காப்பி செய்தார்.