காணாமல் போகும் கூலன்ட்

“ஒரு சொட்டுகூட ஒழுகல சார். ரேடியேட்டர், ஹோஸ், பம்பு எல்லாத்தையும் கழட்டிப் பார்த்துட்டேன்!”

மெக்கானிக் சுப்பிரமணிக்குத் தலை சுற்றியது. சக்கரபாணியின் காரில் நான்கு மாதமாக, இன்ஜின் சூட்டைத் தணிக்கும் கூலன்ட் மட்டும் மாயமாகிக்கொண்டிருந்தது.

“பொறுமையா பாருப்பா. ரெண்டு நாள் வண்டி இங்கயே நிக்கட்டும்.”

சுப்பிரமணி காலண்டரைப் புரட்டினான்.

“சார், ஒவ்வொரு தடவையும் பௌர்ணமிக்கு முந்தின நாள்தான் கொறையுது!”

“கத்தாதப்பா” என்று குரலைத் தாழ்த்தினார் சக்கரபாணி. “கிரிவலத்துக்கு இந்த மாசமும் மச்சினன் குடும்பம் பதினோரு பேர் வந்து எறங்கியிருக்காங்க. வண்டி ஓடுச்சுன்னா ரெண்டு நாளும் நான்தான் டிரைவர்.”

பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினார். உள்ளே பச்சைப் பசேலென்று கூலன்ட்.

“காலையில நானே எடுத்தது. அவங்க ஊருக்கு பஸ் ஏறினதும் போன் பண்றேன். ஊத்திடு.”