கேலி செய்யாத ஏழு நாள்

எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்கு முன் பிலோமினாவின் கழுத்தில் மருத்துவமனையில் ஒரு வில்லையை ஒட்டியிருந்தார்கள். தன் உடம்பைத் தானே கேலி செய்தால் அது சிவக்கும். ஏழு நாள் சிவக்காமல் இருந்தால்தான் அறுவைக்குத் தேதி கிடைக்கும்.

ஏழாம் நாள் காலையில் அலுவலக லிஃப்டில் ஏறினாள். நூற்று நாற்பத்தாறு கிலோ. "நான் வந்துட்டேன், கயிறு பத்திரம்!" என்று போன வாரம் வரை தினமும் அவளே முந்திக்கொள்வாள். இன்றும் வாயை மூடிக்கொண்டு, வேறு யார் அதைச் சொல்லப்போகிறார்கள் என்று முகம் முகமாகப் பார்த்தாள். ஒருவரும் சொல்லவில்லை.

பக்கத்து மேசை முகைதீன்தான் கேட்டான்: "என்னக்கா, ஒரு வாரமா பேச்சையே காணோம்? உடம்பு சரியில்லையா?"

நாக்கு நுனிக்கு வந்த ஜோக்கை விழுங்கினாள்.

"முட்டி வலிக்குது, தம்பி. நாலு வருஷமா."

"நாலு வருஷமாவா? தினம் சிரிச்சுக்கிட்டேல்ல வந்தீங்க!"