முகமும் மணியும்

“கடிகாரத்தையும் சேர்த்து எடுத்தா மூஞ்சியெல்லாம் கடுகாட்டம் ஆயிடும் சார். கடிகாரத்தை விட்டுடலாமே?” என்றார் ஏணிமேல் நின்ற புகைப்படக்காரர்.

“விடவே கூடாது! முகமும் தெரியணும், மணியும் தெரியணும். அதுக்குத்தானே ஆயிரம் கல்யாணக் கூட்டத்தை எடுத்த ஆளாப் பார்த்து உங்களைப் பிடிச்சேன்?” என்றார் பயணிகள் சங்கச் செயலாளர்.

அவர் அடம்பிடித்ததில் நியாயம் இருந்தது. அடுத்த மாதம் முதல் எட்டு நாற்பது வண்டியை நிறுத்தப்போவதாக இரயில் நிர்வாகம் கடிதம் அனுப்பியிருந்தது. காரணம், அந்த வண்டிக்குக் கூட்டமே இல்லையாம்! விடுமுறை நாளில் வந்து தலை எண்ணினால் தலை எங்கிருந்து முளைக்கும்? மற்ற நாள்களில் ஒற்றைக் காலில் நின்று, அடுத்தவர் முழங்கையைத் தம் விலாவில் தாங்கி, பன்னிரண்டு ஆண்டுகளாக அவ்வண்டியில் போய்வருபவர் செயலாளர். அதை நிறுத்திவிட்டால் அனைவரும் ஏழு ஐம்பது வண்டிக்கு அடித்துப்பிடித்து ஓட வேண்டும்.

“கூட்டம் உண்டெனில், நேரம் தெரியுமாறு எடுத்த படத்துடன் மெய்ப்பிக்கவும்” என்று நிர்வாகம் கேட்டிருந்தது. இன்றே கடைசி நாள்.

ஆகவே, நேற்று மாலை அவர் கைப்பட எழுதிய அறிவிப்பு நிலையத்தின் தூண்தோறும் ஒட்டப்பட்டது: “நாளைக் காலை எட்டு நாற்பது வண்டிக்குக் காத்திருக்கும் நம் அனைவரையும், ஒவ்வொருவர் முகமும் நிலையக் கடிகாரமும் தெளிவாகத் தெரியும்படி புகைப்படம் எடுக்கவிருக்கிறோம். படம் நாளிதழ்களிலும் வெளிவரும். ஒருவரும் தவறாது வருக!”

மணி எட்டு இருபத்தைந்து. நடைமேடையில் ஒரு நாய் மட்டும் படுத்திருந்தது.

“கூட்டம் எப்ப சார் வரும்?”

“வந்துடும், வந்துடும். எட்டரைக்கு மேல பாருங்க, ஏணியோட உங்களையும் தள்ளிக்கிட்டுப் போயிடுவாங்க.”

எட்டரை ஆயிற்று. நாய் எழுந்து, சோம்பல் முறித்து, இடம் மாறிப் படுத்தது.

செயலாளருக்குத் தலை சுற்றியது. இன்று விடுமுறையோ? சட்டைப்பையிலிருந்த நாட்குறிப்பைப் புரட்டினார், இல்லை. வண்டி இரத்தாகிவிட்டதோ? குறித்த நேரத்தில் வருவதாக ஒலிபெருக்கி இரண்டு முறை சொல்லிவிட்டது. மேடை மாறிவிட்டதோ? படியேறி அடுத்த மேடையை எட்டிப் பார்த்தார். அங்கே நாய்கூட இல்லை.

சன்னலோர இடத்துக்காக நாள்தோறும் போர் தொடுக்கும் தையல்கார அம்மாள் எங்கே? ஏறும்போதே தூங்கிவிடும் வங்கிக்காரர் எங்கே? நேற்றுவரை முந்நூறு பேர் முண்டியடித்த இடமாயிற்றே!

சங்கத்தின் துணைச் செயலாளரைக் கைப்பேசியில் அழைத்தார்.

“எங்கய்யா இருக்கே?”

“ஆபீஸ்லண்ணே.”

“ஆபீஸ்லயா? மணி எட்டு முப்பத்திரண்டு! இந்நேரத்துல அங்க என்ன பண்றே?”

“ஒண்ணும் பண்ணலண்ணே. இன்னும் பூட்டே திறக்கல. எல்லாரும் வாசல்ல நிக்கிறோம். வாட்ச்மேன் ஏதோ தகராறுன்னு பயந்துபோய்க் கிடக்கான்.”

“ஏன்யா, நான் இங்க தூண் தூணா எழுதி ஒட்டி…”

“மேனேஜர் வர்றாருண்ணே, வச்சுடறேன்.”

சரியாக எட்டு நாற்பதுக்கு வண்டி வந்து நின்றது. கதவுகள் திறந்தன. ஒருவரும் ஏறவில்லை. கதவுகள் மூடின.

“எடுங்கய்யா படத்தை!” என்று கத்தினார் செயலாளர்.

“யாரை சார்?”

“இருக்கிறதை எடுங்க!”

கேமரா ஒருமுறை மின்னியது. வண்டி தன் வழியே போயிற்று. பச்சைக் கொடியைச் சுருட்டியபடியே நிலைய அதிகாரி சிரித்துக்கொண்டு வந்தார்.

“என்ன சார், இன்னைக்கு உங்க சங்கமே ஏழு ஐம்பதுல ஏறிடுச்சு? கதவு மூட மாட்டேங்குது. நானே நாலு பேரை முதுகுல கைவச்சுத் தள்ளினேன்!”

“ஏழு ஐம்பதுலயா? எதுக்கு?”

“எல்லாம் உங்க நோட்டீஸைப் படிச்சுட்டுத்தான்.”

“அதுல என்ன சார் தப்பு? ஒரு காற்புள்ளிகூட இடம் மாறலியே!”

“தப்பே இல்ல. ஆனா எட்டு நாற்பதுக்கு ஏறினா போய்ச் சேர ஒன்பதே கால் ஆகும். இவங்க ஆபீஸெல்லாம் ஒன்பது மணிக்கு. இத்தனை வருஷமா அவனவன் லேட்டாப் போய், ‘ஒன்பது’ன்னு கையெழுத்துப் போட்டுக்கிட்டு இருக்கான். மூஞ்சியையும் மணியையும் சேர்த்துப் பேப்பர்ல போடுவேன்னா, எவன் சார் வந்து நிப்பான்?”

செயலாளரின் முகம் சிவந்தது.

“வெக்கமா இல்ல? தினமும் பொய்க் கையெழுத்து! இந்தக் கூட்டத்துக்காகவா நான் ராப்பகலா அலைஞ்சேன்? ஒருத்தனுக்காவது நிமிர்ந்து நிக்கிற துணிச்சல் இருந்துச்சா?”

“நீங்க நின்னீங்களே சார்!” என்றபடி ஏணியிலிருந்து இறங்கிய புகைப்படக்காரர் கேமராவை நீட்டினார். “பாருங்க, பிரமாதமா வந்திருக்கு. மேல கடிகாரம், எட்டு நாற்பது. கீழ நீங்க மட்டும். மீசை முடியைக்கூட எண்ணலாம். இதையே பேப்பருக்கு அனுப்பிடட்டுமா?”

செயலாளர் படத்தை உற்றுப் பார்த்தார். சிவந்த முகம் மெல்ல வெளிறியது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, புகைப்படக்காரரின் காதருகே குனிந்தார்.

“வண்டி போனாப் போகட்டும், முதல்ல அதை அழிச்சிடுங்க. எங்க ஆபீஸும் ஒன்பது மணிக்குத்தான்.”