வளைகிற கட்டைவிரல்

“பாருங்கம்மா, வில்லு மாதிரி வளையுறா. இவளுக்கு மூட்டு வலியாம்! வேலைக்குப் போகாம இருக்க ஒரு சாக்கு. உடம்புல ஒண்ணுமில்லன்னு நீங்களே சொல்லி அனுப்புங்க.”

தச்சர் பொரிந்து தள்ள, மகள் ஆஸ்பத்திரிப் படுக்கையில் உட்கார்ந்து கையை நீட்டினாள்.

பிசியோதெரபி அம்மா அவள் முழங்கையைத் தாங்கிப் பிடித்தார். “வளையுறதுதாங்க கோளாறே. மூட்டு தளர்வா இருக்கு. அது நழுவிடாம தசை ஓயாம இறுக்கிப் பிடிக்குது. அதான் வலி. இவ கட்டைவிரலை மடக்கினா மணிக்கட்டைத் தொடுது பாருங்க.”

“இதெல்லாம் ஒரு அதிசயமா?” தச்சர் தன் கட்டைவிரலை மடக்கிக் காட்டினார். அது மணிக்கட்டில் போய்ப் படிந்தது.

அந்த அம்மா நிமிர்ந்தார். “உங்களுக்கு வலி உண்டா?”

“எனக்கென்ன வலி? காலைல எந்திரிச்சா தோளு, இடுப்பு, முட்டி எல்லாம் பிச்சுக்கும். சாயங்காலம் உளி பிடிக்க விரல் வராது. பள்ளிக்கூடம் போற வயசுலேருந்தே அப்படித்தான். எல்லாருக்கும் இருக்கறதுதானே? நான் என்ன மூலையிலயா உட்கார்ந்துட்டேன்?”

“எல்லாருக்கும் இருக்காதுங்க.”

தச்சர் மடக்கிய கட்டைவிரலை விடவில்லை. மகள் பக்கம் திரும்பிக் கேட்டார்:

“மத்தவங்களுக்கு வலிக்காதா?”

மகள் சற்று நகர்ந்து, படுக்கையில் அவருக்கும் இடம் விட்டாள்.